இட்லித் தட்டுக் குழியில் ஓர் எஃகுக் குண்டு

கோமதிக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும். தெரியாது என்று எல்லோரையும் நம்பவைத்தவன் நான். அவளையும் சேர்த்துத்தான்.

இதை உங்களிடம் சொல்லவே எனக்கு ஆறேழு வருடம் பிடித்திருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்... பாதியில் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

கோமதி என் நண்பன் நடராஜனின் மனைவி. மான்ட்ரியாலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் இருவர் வீடும் அடுத்தடுத்த தெருவில். அவன் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான், நான் எஞ்சினியர். கோமதி வேதியியலில் எம்.எஸ்ஸி. கனடா வந்த நாளிலிருந்து நான்கு சுவருக்குள் கிடந்தவளுக்கு, சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் வழியிலேயே போய்விடும். எனவே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கினாள். இனி நடராஜன் ரயிலில் போவது, கார் அவளுக்கு என்று முடிவாயிற்று.

கார் பழையது. குளிர் தொடங்கியதும் இருமியது, நின்றது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றான் நடராஜன். நான்தான் தடுத்தேன்.

“கார்புரேட்டரக் கழட்டி சுத்தம் பண்ணினா போதும். நான் எதுக்கு இருக்கேன்?”

என்ன பெருமை எனக்கு! யார் என்னைக் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு கராஜில் வேலையைத் தொடங்கினேன். கழற்றும் பாகங்களைப் போட்டுவைக்க என் மனைவி ராஜத்திடம் பழைய இட்லித் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். அது என் வழக்கம். ஒரு குழியில் திருகுகள், ஒன்றில் பெட்ரோல் பாயும் ஜெட், ஒன்றில் ஊசி, ஒன்றில் மிளகளவு எஃகுக் குண்டு. கடைசிக் குழி, தூக்கிப்போட வேண்டிய பழைய கேஸ்கெட் அட்டைக்கு. இதைவிடச் சிறந்த ஏற்பாடு எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை என்று நடராஜனிடம் பீற்றிக்கொண்டேன்.

எல்லாம் பெட்ரோலில் கழுவித் துடைத்து, மீண்டும் பூட்டத் தொடங்கியபோது ராஜம் கதவைத் திறந்தாள்.

“ஏங்க, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டிய வெளிய எடுத்துடுங்க. எலுமிச்சம்பழம் எடுத்து வச்சிட்டேன்.”

சென்னைப் பஞ்சாங்கத்து ராகு மான்ட்ரியாலுக்கு எந்த விமானத்தில் வருகிறான் என்று கேலி பேசுபவன் நான். அன்றும் கேலி பேசினேன். பேசிக்கொண்டே கையை விரைவுபடுத்தினேன். தட்டை இழுத்தபோது அது ஒரு முறை சாய்ந்தது. எது எங்கே உருண்டது என்று நான் கவனிக்கவில்லை. நாலரைக்குள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, கார் புறப்பட்டது. இரவுச் சாப்பாட்டில் நடராஜன் என்னைப் புகழ்ந்து தள்ளினான். கோமதி எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

மறுநாள் தட்டைக் கழுவப் போனேன். கடைசிக் குழியில், பழைய கேஸ்கெட்டுக்கு அடியில், அந்தக் குண்டு கிடந்தது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். கார் ஓடும். ஆனால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் பெட்ரோல் வராது. எஞ்சின் ஒரு கணம் திணறும். குளிரில் நின்றே போகும்.

தொலைபேசியை எடுத்தேன். முந்தின நாள் புகழ்ந்தவனிடம் என்ன சொல்வது? ஒரு பாகத்தை மாட்ட மறந்துவிட்டேன் என்றா? வைத்துவிட்டேன். சனிக்கிழமை டியூனிங் என்று சொல்லி வரவழைத்து, யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம்... அதுவரை ஒன்றும் ஆகாது. அப்படித்தான் நினைத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

வியாழக்கிழமை காலை, பனித்தூறலில், கோமதி பெரிய சாலைக்குள் திரும்ப ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கார் நடுச்சாலையில் நின்றது. ஒரு லாரி பின்கதவில் மோதியது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

“மிதிச்சேன் அண்ணா, போகல. மூச்சு அடைச்ச மாதிரி நின்னுடுச்சு” என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பக்கத்தில் நின்ற நடராஜன் என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டு அல்ல. ஒரு எஞ்சினியரின் தீர்ப்புக்காக.

“வண்டிய என் வீட்டுக்கு இழுத்துட்டு வரச் சொல்லு. பாத்துடறேன்” என்றேன்.

இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்ததை மறதி என்றோ கோழைத்தனம் என்றோ சொல்லலாம். இதற்கு அந்தப் பெயர்கள் போதாது.

நடராஜன் கூடவே நின்றான். குண்டு என் சட்டைப் பையில் இருந்தது. “உள்ள போய் காபி குடிச்சிட்டு வா, கை விறைச்சிருக்கு பார்” என்று அவனை அனுப்பினேன். மூடியைக் கழற்றினேன். குண்டு ஒரு முறை நழுவி எஞ்சின் விளிம்பில் உருண்டது, பிடித்தேன். உள்ளே ராஜம் சர்க்கரை போதுமா என்று கேட்பது காதில் விழுந்தது. குண்டை அதன் இடத்தில் போட்டேன், மூடினேன். கடைசித் திருகை முறுக்கும்போது அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

“பாத்தேன். ஒரு குறையும் இல்ல. நீயே ஓட்டிப் பார்.”

கதவு நசுங்கிய அந்தக் காரை அவன் தெருவில் ஓட்டினான். மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. திரும்பி வந்து சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு சொன்னான்: “வண்டி நல்லாத்தான் இருக்கு. அவளுக்குத்தான் வரல. பதறிட்டா போல.”

நான் மறுக்கவில்லை. “புதுசுதானே... பழக்கம் வேணும்” என்றேன்.

அவள் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேலை வேறு யாருக்கோ போனது. ஒரு சான்றும் மிஞ்சாமல் என் தவற்றைத் துடைத்துவிட்டேன். கூடவே அவள் சொன்ன உண்மையையும் பொய்யாக்கிவிட்டேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில், இரண்டு கையிலும் பைகளோடு, பனியில் நின்றிருந்தாள். காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். பின் இருக்கையில்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பேசினாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வண்டி மேல பழி போட்டுட்டேன். நீங்க மெனக்கெட்டு சரி பண்ணின வண்டி. அது எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. மன்னிச்சிடுங்க.”

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தாள். வீடு வர இன்னும் இரண்டு தெரு இருந்தது... சொல்ல நேரம் இருந்தது.

“பரவாயில்லம்மா” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இறங்கும்போது நன்றி சொன்னாள்.