ஒன்பது துளைச் சந்தனம்

என் அத்தைக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தது நான்தான் என்ற குற்ற உணர்வை வெகுகாலம் மனதில் சுமந்திருந்தேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் பெரியப்பாவுக்கு ஒரு வேபிரிட்ஜ் இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை ஒரு சின்னப் பெட்டியில் தெரியும். அங்கிருந்து ஒரு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய் ரசீதாக அச்சாகும். அதை இயக்கியவள் அத்தை, பெரியப்பாவின் கடைசித் தங்கை. கம்ப்யூட்டர் அப்போதே கிழடு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் தெரியும். கோபம் வந்தால் கூவும். அத்தையைத் தவிர வேறு யார் தொட்டாலும் அது ஓடாது என்று டிரைவர்கள் நம்பினார்கள். அத்தையும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தோம். சந்தனம் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பொரிகடலை பொட்டலம் கட்டப் போனது யார் தப்பு? பிரிண்டருக்கு வைத்தேன், மின்விசிறிக்கு வைத்தேன், நாற்காலிக்கும் வைத்தேன். கேபிளின் முனையில் மேலே ஐந்து, கீழே நான்கு என்று குட்டித் துளைகள் இருந்தன. ஒன்றை விட்டாலும் அது கோபித்துக்கொள்ளும் என்று, தீக்குச்சியால் ஒன்பதுக்குள்ளும் சந்தனத்தை அப்பி, நானே அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகியும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. மாலை நாலு மணிக்கு அரும்பாவூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உட்கார வைத்துச் சோறு போடுகிற குடும்பம் என்று வீட்டில் எல்லாருக்கும் பரம திருப்தி. அத்தையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

"அந்திக்கு லாரிங்க வர்றதுக்குள்ள மிஷினப் போட்டுப் பாத்துட்டு, மத்தியானமே வூட்டுக்கு வந்துடு" என்று சொல்லிக் காலையில் பெரியப்பா அவளை அனுப்பினார். துணைக்கு நான்.

மிஷின் ஓடவில்லை. பெட்டியில் பூஜ்யம் தெரிந்தது, திரையில் ஒன்றுமே வரவில்லை. அத்தை அணைத்து அணைத்துப் போட்டாள். பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே வேகத்தில் பேசுகின்றனவா என்று பார்த்தாள். கடைசியில் திருச்சி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் பூஜை லீவில் இருந்தார். கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிற இரண்டாவது ஊசியையும் மூன்றாவதையும் ஒரு ஊக்கால் இணைத்துவிட்டு எதையாவது தட்டச் சொன்னார். தட்டியது திரையில் வந்தால் கம்ப்யூட்டர் மேல் பழி இல்லையாம்.

அத்தை துப்பட்டா ஊக்கைக் கழற்றி அந்த இரண்டு ஊசிகளிலும் மாட்டித் தன் பெயரைத் தட்டினாள். பெயர் பச்சையாக வந்தது. அப்படியானால் கேபிள்தான். அதன் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ வெச்சியா?"

பதில் வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை திட்டவில்லை. அரைமணி நேரம் ஊக்கு முனையால் ஒன்பது துளைகளையும் சுரண்டினாள். கேபிளைச் செருகிவிட்டு என்னை மேடையில் போய் நிற்கச் சொன்னாள். லாரிகள் நிற்கிற இடத்தில் ஒற்றை ஆளாக நின்று ஜன்னல் வழியே திரையைப் பார்த்தேன். இருபது கிலோ என்று வந்தது. சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு ஓடிவந்தேன். அதற்குள் அத்தை கேபிளை மறுபடி கழற்றியிருந்தாள். மணி ஒன்றரை.

"வந்துடுச்சே அத்த?"

"ஒரு தடவ வந்தா போதுமா? நின்னு வரணும்ல."

அதுவும் சரிதான் என்று பட்டது.

மூன்று மணிக்குப் பெரியப்பாவின் போன் வந்தது. "இன்னும் சரியாவலண்ணே. உட்டுட்டு வந்தா லாரி ரோடு பூரா நிக்கும்" என்றாள் அத்தை. நாலரைக்கு மறுபடி அழைத்து அவர் கத்தியது நான் நின்ற இடம்வரை கேட்டது. எல்லாம் என்னால்தானே என்று கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன். கழற்றிய கேபிளை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாவம், வேறு வழி தெரியாமல் யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று ஐந்தரைக்குத் தகவல் வந்தது. பெண் பார்க்கிற நாளில்கூட வீட்டுக்கு வர முடியாத பெண் வேண்டாம் என்றார்களாம். அத்தை எழுந்து கேபிளைச் செருகித் திருகாணியை முடுக்கினாள். ஆறு மணிக்கு முதல் லாரி ஏறியது. ரசீது பிசிறில்லாமல் வந்தது.

லாரிகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டே வந்தேன். பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அத்தை சட்டென்று சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள்.

"சாமி சத்தியமா யார்ட்டயும் சொல்லக் கூடாது. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கூட."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வாசலில் பெரியப்பா காத்திருந்தார். அத்தனை வசவையும் அத்தை தலை குனிந்து வாங்கிக்கொண்டாள், என் பெயரை எடுக்கவே இல்லை. எனக்காக ஒரு மனுஷி இவ்வளவு தாங்குவாளா என்று அவள் மேல் உயிரையே வைத்தேன். அன்று அவள் காப்பாற்றியது என்னைத்தான் என்று நினைத்தேன்.