செடி எண்ண வந்தவர்கள்

போன வாரம் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு, நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சாலையோரப் புதரை இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் நாய்வேளைச் செடியின் வாடை வந்தது. கடுகும் வியர்வையும் கலந்தாற்போல இருக்கும். உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கு அதை மோந்தால் பசிக்கும். கூடவே மனசில் என்னவோ குத்தும்.

பசிக்குக் காரணம், அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்துதான் நாங்கள் மத்தியானச் சோறு தின்றோம். தாவரவியல் முதுகலை படித்தபோது நானும் என் வகுப்புத் தோழி கவிதாவும் பெரம்பலூருக்கு வடக்கே, வெள்ளாற்றுக்குப் போகும் வழியில், பாறையும் புதருமாக மேடேறிய ஒரு கரட்டோரம் களப்பணிக்குப் போய்வந்தோம். மஞ்சள் பூ என்றால் நாய்வேளை, வெள்ளைப் பூ என்றால் நல்வேளை. அதுவரைக்கும் சரி. பூக்காத செடியைக் காட்டினால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். கவிதா இலையைக் கசக்கி மோந்து, தண்டைத் தடவிப் பார்த்துப் பேரைச் சொல்வாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். செடிகளைச் செய்தித்தாளுக்குள் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, முயலுக்கா என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றோம். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

தனக்கொடி அக்காவிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. கரட்டை ஒட்டி இருந்த கொல்லை அவருடையது. அவரும் வீட்டுக்காரரும் மழையை நம்பிப் பருத்தி போட்டிருந்தார்கள். நாங்கள் ஆவணியில் போய்க் கரட்டிலும் கொல்லை ஓரத்திலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றிச் சதுரம் சதுரமாக இடம் குறித்தோம். ஒரு செடியைப் பூவில் மட்டும் பார்த்தால் போதாது. முளைக்கும்போதும் காய்க்கும்போதும் காய்ந்து நிற்கும்போதும் பார்த்தால்தான் பழகும். மாசாமாசம் வந்து சதுரத்துக்குள் இருப்பதை எண்ணுவதாகத் திட்டம்.

“எதுக்கு பாப்பா முளை அடிக்கிறீங்க?” என்றார் அக்கா.

செடி எண்ண வந்தோம் என்றேன். எண்ணி என்ன செய்வீர்கள் என்றார். படிப்புக்கு என்றேன். சிரித்துவிட்டு, தூக்குவாளியிலிருந்த மோரை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். வெயிலில் குந்தி அருகம்புல்லை எண்ணுவது ஒரு படிப்பு என்றால் யார்தான் நம்புவார்கள்? அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலம் போன கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் முதலில் நாலு பேர் கயிறும் முளையுமாகத்தான் வந்தார்களாம். அந்தக் கதை அப்போது எங்கள் காதில் விழவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு கரடு பச்சை பிடித்தது. இரண்டு இலை விட்ட கன்றையே பார்த்து நான் பேர் சொன்னேன். கவிதா என் முதுகில் தட்டினாள். அந்த மாசம் அக்காவைக் காணோம். பருத்தியில் களை எடுக்காமல் கிடந்தது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று, இன்னும் நாலைந்து செடி கிடைத்ததே. ஏன் களை எடுக்கவில்லை என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

மறுமாசம் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். கவர்மெண்டு முளை அடித்துவிட்டது, நிலத்தை எடுத்துக்கொண்டால் நஷ்டஈட்டுக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டும், இப்போதே விற்றுவிடுங்கள் என்று ஒரு தரகர் வந்து பேசியிருக்கிறார். சந்தேகப்பட்டவர்களுக்கு எங்கள் சிவப்பு ரிப்பனைக் காட்டியிருக்கிறார். வந்த விலைக்குக் கொல்லையைக் கொடுத்துவிட்டு, தனக்கொடி அக்காவும் வீட்டுக்காரரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

கவிதா முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். பார்க்க வேண்டிய மாசம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் என்னைத் தனக்கொடி அக்காதான் அடையாளம் கண்டுபிடித்தார். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர். வீட்டுக்காரர் எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். நலம் விசாரித்தபின், எப்போது எடுப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எதை என்று எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“யாரும் எடுக்கலக்கா. நாங்க செடி எண்ணத்தான் வந்தோம்.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத நீங்க அப்பவே சொன்னீங்க. நாங்கதான் நம்பல.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால், அதற்கும் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தார். அக்கா அவசரமாக என் கையைப் பிடித்தார்.

“அவருகிட்ட சொல்லிடாதீங்க பாப்பா. என்னைக்கிருந்தாலும் எடுத்துடுவாங்க, நாம முன்னாடியே வித்தது நல்லதாப் போச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு.”

நான் சொல்லவில்லை. பஸ் வரும்வரை வீட்டுக்காரரோடு திருப்பூர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருமுறை மட்டும் அந்தப் பக்கம் போனேன். கரட்டை வெட்டிக் கொல்லையோடு நிரவி, கம்பிவேலி போட்டிருந்தார்கள். உள்ளே மக்காச்சோளம். கரட்டில் இருந்த சூரைப் புதர் இல்லை, கிளுவை இல்லை, காரைச் செடி இல்லை. மழை பெய்தால் எந்தச் செடி முதலில் தலைநீட்டும் என்று எனக்கு அத்துப்படியாக இருந்த ஒரே இடம் அது.