கவர்னர் ஜெனரலின் பூட்ஸ்

நடந்த தேதி என்னிடம் இல்லை. நாளும் கிழமையும் இல்லாமல் எதையும் எழுதிவைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆகவே கையில் இருப்பதை வைத்து நெருங்கிப் பார்க்கிறேன். காளி பூஜை முடிந்திருந்தது. ஆனால் பாலிகஞ்சில் எங்கள் சந்து முனையில் பந்தல் மூங்கில்களை இன்னும் பிரிக்கவில்லை. என் ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு தொடங்கியிருக்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர் குரங்குக் குல்லாய் அணிந்திருந்தார், வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிட்டார். கல்கத்தாவில் குளிர் அந்த அளவோடு நிற்பது நவம்பர் நடுவில்தான். பெண் பார்க்க வந்தார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை.

பெண் என்றால் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றோர் காலமான பிறகு எங்களோடு இருந்தாள். வயது முப்பத்தொன்று. வங்கியில் வேலை. காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் வாடிக்கையாளர் முன்பே கொடுத்துவைத்த மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே கைதானா என்று சொல்வது அவளுடைய வேலை. அதற்கு முன் ஏழு குடும்பங்கள் அவளை வந்து பார்த்திருந்தன. ஒன்றில் உயரம் இடித்தது, ஒன்றில் நட்சத்திரம். மற்றவர்கள் காரணம் சொல்லும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை. அப்பா இதைப் பற்றிப் பேசமாட்டார். பதில் வராமல் போகும் வாரத்தில் முகம் மழிக்க மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற கடிதங்களையும் கையெழுத்துகளையும் சேர்ப்பார். ஞாயிறு காலைகளில் ரஸ்ஸல் தெரு ஏலத்துக்குப் போய், உடைந்த விளக்கோடும் மூடியில்லாத தேநீர்ப் பாத்திரத்தோடும் சேர்த்துத் தள்ளிவிடப்படும் காகிதக் கட்டுகளை வாங்கிவருவார். இரவுச் சாப்பாட்டுக்கு வர இயலாது என்று ஒரு நீதிபதி எழுதிய சீட்டு, கொடுத்தனுப்பிய ஜாமுக்கு நன்றி சொல்லும் ஒரு பாதிரியார், கூலிகளைப் பற்றிப் புலம்பும் தேயிலைத் தோட்டத்து மேலாளர். அம்மா இவற்றைச் செத்துப்போன வெள்ளைக்காரா குப்பை என்பாள். ஆனால் தூசி தட்டும்போது அந்த அலமாரியை மட்டும் மெதுவாகத் தட்டுவாள்.

அந்தக் குப்பையில் ஒரு கடிதம் வேறு ரகம். கவர்னர் ஜெனரலாக இருந்த ஒருவர் லண்டனில் தமக்கு பூட்ஸ் தைத்துக்கொடுத்தவருக்கு எழுதியது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம் பின்னால் தெரியும். நீ அனுப்பிய பூட்ஸ் காலில் ஏறவில்லை, ஏறாத பூட்ஸின் மேல் இந்த ஊர் மழையில் பச்சைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது, பூஞ்சைக்குக்கூட அது பொருந்துகிறது, எனக்குப் பொருந்தவில்லை என்று மூன்று பக்கம் திட்டியிருந்தார். பெரிய பதவிக்காரர்களின் கடிதங்களைப் பெரும்பாலும் எழுத்தர்கள் எழுதுவார்கள், அடியில் ஒப்பம் மட்டுமே அவர்களுடையதாக இருக்கும். இது முதல் எழுத்திலிருந்து அவரே எழுதியது. முத்திரை இல்லை, தபால் குறி இல்லை. கோபத்தில் எழுதிவிட்டு, ஆறியதும் அனுப்பாமல் வைத்துவிட்டார் என்பது அப்பாவின் முடிவு.

இது அசல்தான் என்பதற்கான சான்றுகளை எனக்கு அத்தை காட்டித் தந்திருந்தாள். லென்ஸில் பார்த்தால் பேனா முள் காகிதத்தில் கீறிய இரட்டைத் தடம் தெரியும். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை இருண்டிருக்கும். தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கினால் காகிதம் செய்தவர் பெயரும் ஆண்டும் வாட்டர்மார்க்காக உள்ளே நிழல்போலத் தெரியும். அந்த ஆண்டு கடிதத்தின் தேதிக்கு ஒரு வருடம் முந்தையது. பழைய புத்தகங்களுக்குள் அச்சிட்டு மடித்துவைத்துத் தரும் நகல்களில் இவை எதுவும் இருக்காது. எனக்கு வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது.

எட்டாவதாக வந்த குடும்பம் அலிப்பூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குக் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. அவருடைய அப்பா ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. நான் அவரை அலிப்பூர் மாமா என்றே குறிப்பிடுகிறேன். அவரும் கடிதம் சேர்ப்பவர். நகரத்தில் இப்படிச் சேர்ப்பவர்கள் வைத்திருந்த ஒரு சிறு வட்டத்தில் அவர் சொன்னால் அசல், அவர் சொன்னால் நகல். அந்த வட்டம் ஒவ்வொரு ஜனவரியிலும் கண்காட்சி நடத்தும். பூட்ஸ் கடிதத்தை அந்த ஜனவரியில் முதல்முறையாக வைப்பதாக அப்பா சொல்லியிருந்தார். சம்பந்தியும் தன்னைப் போலவே ஒருவர் என்றதில் அப்பாவுக்கு ஏற்பட்ட உற்சாகத்தை அம்மா ரசிக்கவில்லை.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. அத்தை வந்து நமஸ்காரம் செய்தாள். அலிப்பூர் மாமா அவளிடம் எந்தக் கிளை, என்ன வேலை என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பா பக்கம் திரும்பினார்.

"அந்த லெட்டரைக் கொண்டாங்கோளேன், பார்ப்போம்."

அப்பா கொண்டுவந்தார். மாமா சட்டைப் பையிலிருந்து தம் சொந்த லென்ஸை எடுத்தார். பஜ்ஜி ஆறிப்போனது. மாப்பிள்ளை மட்டும் ஆறுவதற்குள் சாப்பிட்டார்.

"என்ன கை! என்ன கை! அந்த மனுஷரோட கோபம் அப்படியே மையில நிக்கறது ஓய். எழுதினார் பாருங்கோ, அனுப்பலை. அதுதான் இதுல அழகு."

அப்பா சின்னப் பையனைப் போலச் சிரித்தார். பிறகு மாமி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எங்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாள். அம்மா கண்ணை மூடி ஏதோ ஒரு தெய்வத்துக்கு ஏதோ ஒன்றை நேர்ந்துகொண்டாள்.

"நாங்க கேட்டு வாங்கற மனுஷா இல்லை," என்றார் அலிப்பூர் மாமா, லென்ஸைத் துடைத்தபடி. "நகை, பாத்திரம், ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணுக்கு நீங்க போடறது உங்க இஷ்டம். இந்த லெட்டர் மட்டும் ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா இருக்கட்டும்."

"பொதுவான்னா?" என்று கேட்டாள் அம்மா.

"எங்காத்துல இருக்கும். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம்."

 வெளியே சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அப்பா கடிதத்தைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அதுக்கென்ன," என்றார். "உறையைக் கொண்டுவரேன்."

அவர் உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அத்தை பேசினாள். நமஸ்காரம் செய்தபோது இருந்த அதே குரல்.

"மாமா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அது நகல்."

"என்னம்மா?"

"பழைய புஸ்தகத்துல அச்சடிச்சு மடிச்சு வெச்சுத் தருவாளே, அந்த மாதிரி. எனக்கு நாள் முழுக்க கையெழுத்து பார்க்கறதுதானே வேலை. அண்ணா மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம இருந்தேன்."

நான் எழுந்துவிட்டேன். "இல்லை அத்தை! வாட்டர்மார்க் இருக்கே! நீதானே—"

அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். கையில் பழுப்பு உறை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இறந்தவர் வீட்டில் துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட, யாராவது ஒரு வருடத்தைத் தவறாகச் சொன்னால் திருத்திவிட்டு வருகிற மனிதர் அவர். பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அனைத்தும் தேதிப் பிழை பற்றியவை.

"ஆமாம்," என்றார் அப்பா. "நகல்தான். எனக்கும் சந்தேகம் உண்டு."

"வாட்டர்மார்க்னு குழந்தை என்னமோ சொல்றதே?" என்றார் அலிப்பூர் மாமா.

"அவ ஸ்டாம்பு சேர்க்கறா. எதைப் பார்த்தாலும் வாட்டர்மார்க் தேடுவா. உட்காருடீ."

உட்கார்ந்தேன். அலிப்பூர் மாமா கடிதத்தை மறுபடி எடுத்தார். இம்முறை லென்ஸைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். வீட்டுக்காரரே நகல் என்று சொல்லும் காகிதத்தை அசல் என்று சொல்ல அந்தத் துறையில் யாரும் துணியமாட்டார்கள்.

"நானும் முதல்லயே நினைச்சேன்," என்றார். "இந்த வளைவுல ஒரு உயிர் இல்லை பாருங்கோ."

"நகலா இருந்தா என்னப்பா," என்றார் மாப்பிள்ளை. அந்த மாலையில் அவர் பேசியது இது ஒன்றுதான். அலிப்பூர் மாமா அவரைத் திரும்பிப் பார்த்ததும் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். அத்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் வேறு ஏதாவது சொல்லக்கூடும் என்பதுபோல. அவர் மென்றுகொண்டிருந்தார்.

பதில் மறுவாரம் வந்தது. ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம், முன்பு கண்ணில் படாத ஏதோ ஒன்று இப்போது பட்டதாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று சம்பந்தம் பேசிய, லேக் பக்கம் குடியிருந்த மாமி இதைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் போனாள்.

"உன் வாய் சும்மா இருக்கப்படாதா?" என்று அம்மா அத்தையிடம் கேட்டாள். "அச்சடிச்சதோ எழுதினதோ, குடுத்துத் தொலைச்சிருக்கலாம். நீ போய் நன்னா இருந்திருப்பே."

"நன்னாத்தான் இருக்கேன் மன்னி. அந்த மைதா மாவு சலிக்கணுமா?"

எனக்கு அத்தையின் மேல் தாங்க முடியாத கோபம். திருமணம் தவறியதற்காக இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவளே மறந்துவிட்டாளே என்று. தடம், இருட்டு, வாட்டர்மார்க் எல்லாம் எனக்கு நினைவிருக்க, அவளுக்கு எப்படி மறந்தது? அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அப்பாவின் மேலும் வருத்தம்தான். ஆனால் அவர் தங்கையின் பேச்சைக் கேட்டு ஏமாந்தவர் என்று முடிவுகட்டியிருந்தேன். அந்த வாரம் அவர் தினமும் முகம் மழித்துக்கொண்டார் என்பதைப் பார்த்தும் அதை எதனுடனும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செய்தி வட்டத்தில் பரவியது. ஜனவரி கண்காட்சிக்குக் கடிதத்தை வைப்பதில்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார். அலிப்பூர் மாமா விடவில்லை. அவர் பெருந்தன்மையானவர். நகலை இனம் காண்பது எப்படி என்று இளைஞர்களுக்குக் காட்ட அது நல்ல உதாரணம், அவசியம் வைக்க வேண்டும் என்றார். அப்பா கொடுத்தார்.

வட்டத்தின் பட்டியலில் அது இன்றும் நகல்தான். அப்பா இருந்தவரை திருத்தச் சொல்லவில்லை. அவருக்குப் பின் கடிதம் என்னிடம் வந்தது. நானும் திருத்தவில்லை, அதனால்தான் கவர்னர் ஜெனரலின் பெயரை இங்கே எழுதவில்லை. அத்தை ஒன்பதாவது குடும்பத்தை வரச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள். கௌஹாத்தியிலும் புவனேஸ்வரத்திலும் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றாள். அதை ஒரு சோகமாகச் சொல்கிறவர்கள் அவளோடு ஒருநாள்கூடச் சீட்டாடியிருக்கமாட்டார்கள்.

கண்காட்சிக்கு என்னையும் அழைத்துப்போனார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். கண்ணாடிப் பெட்டிகள், கம்பளிச் சால்வைகள், வாசலில் வெல்லச் சந்தேஷ் இனிப்பு. ஓரத்துப் பெட்டியில் பூட்ஸ் கடிதம். அதன் கீழே யாரோ தட்டச்சு செய்த அட்டையில் ‘நகல்’ என்று இருந்தது. அப்பா அந்த அட்டையை முழுவதும் படித்தார். அதில் கடிதத்தின் ஆண்டு தவறாக இருந்தது. அவருடைய கை சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டது. பிறகு விட்டுவிட்டார்.

அலிப்பூர் மாமா ஒரு குச்சியோடு பெட்டியருகே வந்தார். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். குரங்குக் குல்லாயை மாமா இம்முறை கழற்றவில்லை. நல்ல குளிர்.

"லண்டனுக்கு எழுதின லெட்டர் கல்கத்தால எப்படி இருக்கும்? யோசிக்கணும். அதுதான் முதல் தடயம்," என்று தமிழில் எங்கள் பக்கம் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு அதையே வங்க மொழியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். "மையைப் பாருங்கோ. ஒரே சீரா, செத்த மை. மனுஷன் கோபத்துல எழுதினா இப்படியா இருக்கும்?" குச்சி கண்ணாடியில் தட்டியது. "என்ன ஓய், நான் சொல்றது சரிதானே?"

கூட்டம் அப்பாவைப் பார்த்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா.

எனக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் அத்தையைப் பார்த்தேன். புடவைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது, தோள்கள் குலுங்கின. அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் எதையோ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. இத்தனை பேர் நடுவில், தன் அறியாமையால் அண்ணனுக்கு நேர்ந்த அவமானத்தை இப்போதுதான் உணர்ந்து அத்தை அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்தது தவறு என்று பட்டது. பாவம், காகிதங்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், முழுமனதோடு அவளை மன்னித்தேன்.