டார்ச் மாட்டிய துப்பாக்கிக்கு ஒரு உறை

என் கணவர் ஆயுதப்படை போலீஸ். நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் எனக்கு அவருடைய துப்பாக்கியைப் பார்த்துப் பயம் வந்ததே இல்லை, எரிச்சல்தான் வந்தது. ஹோட்டலுக்குப் போனால் வலது பக்கம் சுவர் இருக்கிற மேஜைதான் வேண்டும் என்பார். அந்த மேஜை காலியாகும்வரை நிற்க வேண்டும். ஒரு தோசைக்கு இவ்வளவு வாஸ்து பார்க்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. துப்பாக்கி இருக்கிற இடுப்பை யாரும் உரசக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சுவரைத் தேடிக் கொடுத்திருப்பேன்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அவரைக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு ஊராட்சித் தலைவிக்கு கன்மேனாகப் போட்டார்கள். அந்த ஊரில் அதுவரை யாரும் அந்த நாற்காலியில் உட்காராத தெருவிலிருந்து வந்தவர் அந்த அக்கா. உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, ஏரிக்குள் வேலி போட்டு நெல் நட்டிருந்தவர்களை வெளியே வரச் சொன்னார். ஒரு சாயங்காலம் கரண்ட் போன நேரமாகப் பார்த்து அவர் மண்டையை உடைத்தார்கள். அதற்கப்புறம்தான் கோர்ட் சொல்லி, துப்பாக்கியோடு ஒரு ஆள் கூடவே போக வேண்டும் என்று ஆனது.

அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துப்பாக்கி என்று பிடித்திருந்தால், அக்காவை இழுத்துக்கொண்டு ஓட மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று இவர் மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் புது பிஸ்டல் ஒன்று கொடுத்தார்கள். குழலுக்கு அடியிலேயே குட்டி டார்ச் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். துப்பாக்கி வந்தது, டார்ச்சும் வந்தது. உறை மட்டும் டார்ச் இல்லாத துப்பாக்கிக்கு அளவெடுத்து வந்தது.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் ஆறு மாசம் ஆகும் என்று இவரே முடிவு கட்டிவிட்டார். உறையின் அடிப்பக்கத்தை பிளேடால் அறுத்து டார்ச்சுக்கு வழி விட்டார். இப்போது துப்பாக்கி உள்ளே போனது, ஆனால் மேல் மூடியை இழுத்தால் பொத்தான் எட்டவில்லை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, மூடிக்குப் பதிலாக மாட்டினார். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையின் வாயைக் கட்டுவதும் அதே டியூப்தான். சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த மார்கழியில் அக்கா தேர் பார்க்க சிதம்பரம் வந்தார். வடத்தை ஒரு தடவை தொட்டுக் கும்பிட வேண்டும் என்று ஆசை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். கீழ வீதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அக்கா முன்னால், அவர் தோளுக்குப் பின்னால் யூனிஃபார்ம் இல்லாமல் சாதாரணச் சட்டையில் இவர், இவருக்குப் பின்னால் நான். பொழுது சாயச் சாய, இவருடைய சட்டைக்குள் இடுப்பில் ஏதோ வெளிச்சமாகத் தெரிந்தது. டியூப் இழுத்த இழுப்பில் டார்ச்சின் சுவிட்ச் அமுங்கியிருக்கிறது. இடுப்பில் விளக்கேற்றிக்கொண்டு சாமி கும்பிடுகிறார் என் வீட்டுக்காரர்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் காதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்த ஒருவர் முந்திக்கொண்டார். "தம்பி, செல்லு லைட்டு எரியுது பாரு. சார்ஜ் போயிடப் போவுது" என்று சொல்லி, தட்டை ஒரு கைக்கு மாற்றி, இன்னொரு கையைச் சட்டைக்குள் விட்டு, அணைத்துக் கொடுக்கலாம் என்று இழுத்தார். டியூப் வழுக்கியது. துப்பாக்கி பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது.

இவர் உள்ளங்கையால் அதை அடித்து உள்ளே அழுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதருக்கு எதுவும் விளங்கவில்லை. "நல்லதுதான தம்பி சொன்னேன், அதுக்கு ஏன் கைய அடிக்கற?" என்று கோபித்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

அவர் நல்லவர். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உதவி செய்ய வந்த ஒரு கைக்கே இவ்வளவு சுலபமாக வந்தால், வேறு நோக்கத்தோடு வருகிற கைக்கு? துப்பாக்கி தொலைந்தால் வேலை போகும். அதே துப்பாக்கி இவர் பக்கமோ அக்கா பக்கமோ திரும்பினால்? தேர் எப்போது எங்களைக் கடந்து போனது என்றே எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "மாமா, இந்த வேலை வேணாம். கடலூர்லயே ஆபீஸ் டூட்டி கேட்டு வாங்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்து சேருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"நான் போயிட்டா அவுங்களுக்கு யாரு?"

"வேற ஆளே இல்லயா உங்க டிபார்ட்மெண்டுல?"

"இருக்கான். அவனும் இதே உறையத்தான் மாட்டிக்கிட்டு நிப்பான்."

நான் கோபத்தில் சோற்றைக்கூடப் போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "டீச்சர், ஒரு பந்தயம்" என்றார். "நான் ஒழுங்கான உறை ஒண்ணு பாக்கறேன். அதுலேர்ந்து உன்னால துப்பாக்கிய உருவ முடிஞ்சா, மறுநாளே டூட்டி மாத்தி எழுதிக் குடுத்துடறேன். முடியலன்னா இந்தப் பேச்ச நீ எடுக்கக் கூடாது."

சரி என்றேன். ஜெயிப்பதற்காகத்தான் சரி என்றேன்.

நிஜத் துப்பாக்கியை வைத்து விளையாட முடியாது. பயிற்சிக்கு வைத்திருக்கும் டம்மி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். நீல நிற பிளாஸ்டிக், கனமானது, அதே அச்சு, சுடாது. அதில் டார்ச்சை மாட்டி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு லீவு நாளில் இரண்டு பேரும் கடலூர் போனோம். மஞ்சக்குப்பத்தில் தொப்பி, பெல்ட், லத்தி, பூட்ஸ் எல்லாம் விற்கிற கடை ஒன்று உண்டு. மற்றவர்கள் புடவைக் கடையில் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு பொறுமையிழப்பார்கள். எங்களுக்கு அது தலைகீழ்.

முதலில் எடுத்துப் போட்ட தோல் உறைகளில் டார்ச் நுழையவில்லை. அடுத்து நைலானில் ஒன்று காட்டினார் கடைக்காரர். "சார், இதுல எந்தத் துப்பாக்கியும் போவும், எந்த டார்ச்சும் போவும்." போனது உண்மைதான். உள்ளே போய் இப்படியும் அப்படியும் ஆடியது. மேலே ஒட்டுப் பட்டை. இவர் மாட்டிக்கொண்டு நின்றார், நான் பின்னாலிருந்து பர்ரென்று பிய்த்து எடுத்துவிட்டேன். கடைக்காரர் வாயைப் பிளந்தார். "யம்மா, நீங்களும் டிபார்ட்மெண்டா?" தொடையில் கட்டுகிற மாதிரி இன்னொன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு இவர் கண்ணாடி முன்னால் நடந்த நடையைப் பார்த்து, "வேணாம் மாமா, கம்மாபுரத்துல சூட்டிங்குனு நெனச்சு ஜனங்க கூடிடும்" என்றேன். முறைத்தபடியே கழற்றினார். நான் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தேன். இன்னொரு கடையில் இன்னும் இரண்டு உறைகளைத் தோற்கடித்தேன்.

பரங்கிப்பேட்டையில் இவருடன் படித்த நண்பர் ஒருவர் துபாயில் வேலை பார்த்தார். அவரிடம் இவர் போனில் உறை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் ஊருக்கு வந்தபோது வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "மச்சான், டார்ச் மாட்டுன துப்பாக்கிக்குன்னே செய்யறாங்கடா. கடைக்காரன் என்னய ஒரு மாதிரி பாத்தான், ஒனக்காகத்தான் வாங்குனேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் கெட்டியாக வார்த்த உறை. டம்மியைச் செருகினால் டார்ச்சோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. மேலே ஒரு கொண்டி தானாக விழுந்தது. சாதாரணமாக இழுத்தால் வராது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். உடம்புக்கும் துப்பாக்கியின் கைப்பிடிக்கும் நடுவே, வெளியே தெரியாத இடத்தில், ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. கட்டை விரலால் அதை முதலில் கீழே அழுத்தி, பின்னால் தள்ளி, அப்புறம்தான் உருவ வேண்டும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். இவரே ஒரு அடி நகர்ந்து வந்தாரே தவிர, துப்பாக்கி வரவில்லை.

"இது ட்ரையல்தான்" என்றேன்.

"சரி, டீச்சர். நல்ல நாள் பாத்துச் சொல்லு."

அந்த உறையிலிருந்து எப்படி உருவுவது என்று அவர் தினமும் வாசல் கண்ணாடி முன்னால் பழகினார். அவர் அசந்த நேரத்தில் நானும் பழகினேன். அவர் ஷேவிங்குக்குக் கடைக்குப் போனதும் டம்மி செருகிய உறையோடு பெல்ட்டை ஜன்னல் கம்பியில் அவர் இடுப்பு உயரத்துக்குக் கட்டுவேன். அழுத்து, தள்ளு, உருவு. முதலில் நகம்தான் உடைந்தது. பசங்களுக்கு வகுத்தல் சொல்லித் தருகிற மாதிரி எனக்கு நானே படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வந்துவிட்டது. மனசுக்குள் அவரை ஆபீஸ் டூட்டிக்கு அனுப்பி, சாயங்காலம் டிபன் வரைக்கும் போட்டுவிட்டேன்.

அக்கா சிதம்பரத்துக்கு ஏதோ வேலையாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ஒரு பை முந்திரிப் பருப்பு கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்ததும் நாற்காலியைத் தானே தூக்கி, முதுகு சுவரில் படுகிற மாதிரி போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இவர் ஹோட்டலில் சுவர் தேடுவது ஞாபகம் வந்து சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. இவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

சாப்பிட்டு முடித்து நான் பாத்திரம் போட்டுவிட்டு வருவதற்குள் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சும்மா கண் அசரவில்லை, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினார். நெற்றியில் முடி விலகி, தையல் போட்ட தழும்பு தெரிந்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். விழித்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதம்மா. ஊர்ல பகல்லகூட கண்ண மூட பயம். தம்பி வாசல்ல நிக்கறது தெரிஞ்சுதுன்னா மட்டும் தூக்கம் தானா வந்துடுது."

காபி போடப் போனேன். அவர் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"தம்பி பந்தயத்தப் பத்திச் சொன்னாரு" என்றார் மெதுவாக. "நீ ஜெயிச்சுடும்மா. ஒனக்கும் புருஷன் வீட்டுல இருக்கணும்ல. எனக்கு வேற யாரயாவது அனுப்புவாங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த நிமிஷம் எனக்கு அவர்மீது கோபம்தான் வந்தது. சண்டை போட்டிருந்தால் தெம்பாக ஜெயித்திருப்பேன்.

காபி குடித்த கையோடு, "இப்பயே வச்சுக்கலாமா, டீச்சர்?" என்றார் இவர். நிஜத் துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். டம்மியை உறையில் செருகி, அக்கா இருக்கும் பக்கம் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து கை வைத்தேன். விரல்கள் பிடியைச் சுற்றி உட்கார்ந்தன. கட்டை விரல் தேடாமலே நெம்பின் மேல் போய் நின்றது. அழுத்தினால் போதும். நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுவார், சொன்னால் செய்கிற ஆள். எதிரே அக்கா காலி டம்ளரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்காகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

விரலை எடுத்து உறையின் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். இவர் மோதிப் பக்கத்து மேஜைகூட ஆடியது, துப்பாக்கி வரவில்லை.

"முடியல மாமா" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து என் தலையில் கை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற வேனுக்குப் போனார்.

இவர் பீரோவைத் திறந்து, துப்பாக்கியை மாற்றி, கொண்டி விழுகிறதா என்று பார்த்தார். போவதற்கு முன்னால் என் வலது கையைப் பிடித்து உள்ளங்கை மேலாகத் திருப்பினார். கட்டை விரலில் கணுவுக்குக் கீழே காய்ச்சுப் போயிருந்தது. சாக்பீஸ் பிடித்து அந்த இடத்தில் காய்ப்பு வராது. பக்கத்தில் தன்னுடைய கட்டை விரலை வைத்தார். அதே இடம்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"போன வாரமே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா வந்து நின்னீங்க?"

வேனில் அக்கா காத்திருந்தார். இவர் என் விரலை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு நான் நன்றாக அழுதேன். நான் உருவிவிடுவேன் என்று தெரிந்தேதான் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார்.