குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, பால் ஊற்றப் போன அம்மாதான் செய்தியோடு வந்தார். வேளாண்மை அலுவலகத்து ஜெயசீலி மேடம் அரக்கோணத்தில் தம் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். நைனா மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆங்," என்றார். ஸ்டார்ட்டரின் மூடியை மாட்டிவிட்டு, "அந்த நோட்டு யார்கிட்ட கீது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என்னிடம்தான் இருந்தது.

மேடத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அவசரமாக எழுதுவதால் திரும்பப் படித்துத் திருத்த முடியாது.

திருத்தணி ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார். வண்டியில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் கட்டியிருக்கும். ஒரு குழாயை நெல் வயலில் பாதி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் இறங்கும்வரை மோட்டார் போட வேண்டாம் என்பார். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் வேருக்கு ஈரம் இருக்குமாம். எங்களுக்கும் பக்கத்து வயல் வள்ளியம்மா அத்தைக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. இப்படிப் பாய்ச்சினால் இரண்டு வயலுக்கும் அந்தக் கிணறே போதும், புது போர் வேண்டாம் என்று மேடம் சொன்னார்.

நைனா முதலில் குழாயைப் புதைத்தபோது உள்மண்ணை எடுக்கவில்லை. மேடம் விட்ட குச்சி இறங்கவே இல்லை.

"இன்னாங்க இது, குழாய்க்குள்ளயும் நாத்து நடப் போறீங்களா?"

வரப்பில் நின்ற அத்தை, "எங்க அண்ணன் அதுலயும் ரெண்டு மூட்டை எடுத்துடும் மேடம்," என்றார். நைனாவும் சிரித்துவிட்டார்.

தினமும் காலையில் அளந்து எழுதுவது என் வேலை. நகப்பூச்சால் கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சியையும் எழுத ஒரு நோட்டையும் மேடம் கொடுத்திருந்தார். நோட்டில் 'அளந்தவர்' என்ற கட்டத்தில் நைனாவின் பெயரைத்தான் எழுதிவந்தேன்.

வயலில் வெடிப்பு தெரிந்தால் நைனாவால் பொறுக்க முடியாது. அத்தையின் முறை நாளிலும் விடிவதற்குள் மோட்டாரைப் போட்டுவிடுவார். "பன்னெண்டு, பதிமூணுன்னு போட்டுகினு வா. யார் வந்து பாக்கப் போறாங்க?" என்றார். போட்டேன்.

கிணறு இறங்கியது. கிணற்றுக்கு முறை வைக்கும் எங்கள் பங்காளிகள் நோட்டைப் பார்த்து, தண்ணீரை இழுப்பது அத்தைதான் என்று முடிவுகட்டி, அவர் முறையை மூன்று நாளைக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அத்தை யாரிடமும் சண்டை போடவில்லை. நான் பள்ளிக்குப் போகும்போது நிறுத்தி, "நீ எழுதினது சரிதானே கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆங் அத்தை," என்றேன்.

போன வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு மேலே நின்றது. உள்சுவரில் ஒரு நத்தை ஒட்டியிருந்தது. நோட்டில் அன்றைய தேதிக்குப் பதின்மூன்று கீழே என்று இருந்தது. மேடம் நோட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. நான் அளப்பது போலக் குச்சியை விட்டேன்.

"எழுதினதை அடிக்காத. பக்கத்துலயே உள்ளதை எழுது," என்றார். நைனா திருட்டுத்தனமாக மோட்டார் போட்ட நாள்களை, நினைவிருந்தவரை எல்லாவற்றையும், பக்கத்தில் எழுதினேன்.

"பயமா கீது மேடம்."

"எனக்கும்தான். வயல்ல இறங்கிப் பாக்காமலே இந்தப் பக்கத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவ நான். அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமே சொல்லிடலாம். அதுவரைக்கும் நோட்டு உன்கிட்ட இருக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு. பால் சொசைட்டியில் மேடத்துக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மேடம் சொன்னபடி தண்ணீர் மிச்சம் பிடித்தவர் என்று நைனாவைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையின் நெல் இப்போது பால் பிடிக்கும் பருவத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு முறை தண்ணீர் தள்ளிப்போனால் கதிர் பதராகிவிடும்.

இன்று மாலை நைனா என் புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தார். நோட்டு பையில் இல்லை, என் தாவணிகளுக்கு அடியில் இருந்தது. நாளை இருக்குமா என்று தெரியாது. அதனால் காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் அதை அத்தையிடம் கொடுத்துவிடுவேன். இந்தக் காகிதமும் உள்ளே இருக்கும். கூட்டத்தில் யார் படித்தாலும் சரி. அதன் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தால் கை ஓடவில்லை.

மேடம் இருந்திருந்தால் எனக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். அவருடையதாக நான் வைத்துக்கொள்வது அந்தக் குச்சியை மட்டும்தான். இன்று காலையும் விட்டுப் பார்த்தேன். நோட்டின் கடைசி வரியில் எழுதியிருப்பது இது:

அத்தையின் முறை நாள். எங்கள் மோட்டார் ஓடியது. தண்ணீர் மண்ணுக்கு மேலே நான்கு சென்டிமீட்டர். அளந்தவர்: கு. தேன்மொழி.