களனி மேடத்தின் புல்லு மெஷின்

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இருந்தோம், நானும் என் மனுசனும். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வேலை செய்தார். திங்கள் முதல் சனி வரை அவர் கராஜுக்குச் சொந்தம், ஞாயிறு எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றையும் களனியில் ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள்.

ஒருத்தி என்பது மரியாதை இல்லைத்தான். அவர் வாய் நிறைய 'மேடம்' என்பார். நான் மனசுக்குள் 'அவள்' என்றுதான் சொன்னேன், இப்போதும் அப்படியே எழுதுகிறேன். சிங்கள மனுசி, புருசன் இல்லை. ஆற்றங்கரைப் பக்கம் பெரிய வளவு, தென்னைகளுக்கு நடுவே புல்வெளி. வெளிநாட்டில் இருந்த மகன் ஒரு புல்லு வெட்டும் மெஷினைக் கப்பலில் அனுப்பியிருந்தான். சின்ன ட்ராக்டர் மாதிரி, ஏறி இருந்து ஓட்டுவது. தோட்டக்காரனிடம் கொடுக்கமாட்டாள். தொப்பி போட்டுக்கொண்டு தானே ஓட்டுவாள். கார் திருத்தக் கராஜுக்கு வந்த இடத்தில் என் மனுசனைக் கண்டு, "மல்லி, இதையும் ஒருக்கா வந்து பார்" என்று கூட்டிப் போனாள். மல்லி என்றால் தம்பி. தம்பி என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அந்த மெஷினில் உடைவது எப்போதும் ஒன்றுதான். அதன் வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தாச்சிச் சட்டி மாதிரி ஓர் இரும்புத் தட்டுத் தொங்கும், அதற்குள்ளே கத்திகள் சுழலும். தட்டின் மூலைகளில் உள்ளங்கை அளவில் நாலு குட்டிச் சக்கரங்கள், எங்கள் பேச்சில் சில்லுகள். அவை மெஷினைச் சுமக்கிற சில்லுகள் அல்ல. சமமான இடத்தில் அவை நிலத்தில் படவே கூடாது, ஒரு விரல் உயரத்தில் சும்மா நிற்கவேண்டும். மேடு வந்தால் மட்டும் பட்டு உருண்டு தட்டைத் தூக்கிக் கொடுக்கும். இல்லாவிட்டால் கத்தி புல்லோடு மண்ணையும் சேர்த்து வழித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கூடப் போனேன்.

"நீர் ஏன் வாறீர்? சரியான வெய்யில்," என்றார் முதல் நாள்.

"ஏன், நான் வந்தா சில்லுப் பூட்டுப்படாதோ?"

அவளுடைய விறாந்தையில் உட்கார்ந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டு வந்து தந்தாள். அது நல்ல தேத்தண்ணியாக இருந்ததும் எனக்கு எரிச்சல். அவர் புல்லில் மல்லாக்கப் படுத்து ஆணியைக் கழற்ற, அவள் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தாள். அவர் சில்லுக்கும் நிலத்துக்கும் இடையே விரலை நுழைத்து, இந்த இடைவெளி எப்போதும் இருக்கவேண்டும் என்று தன் கராஜ் சிங்களத்தில் சொன்னார். அவள் தலையாட்டினாள். அடுத்த கிழமையே தோட்டக்காரனைக் கொண்டு சில்லுகளைக் கீழே இறக்கிவிட்டாள். சில்லு என்றால் நிலத்தில் ஓடத்தானே வேண்டும் என்பது அவளுடைய நியாயம். இறக்கினால் தட்டின் பாரமெல்லாம் அந்தப் பாவப்பட்ட சில்லுகளில். ஒரு பக்கம் தேய்ந்து, துளை அகன்று, லொட லொடவென்று ஆடி, கடைசியில் தென்னை வேரில் அடிபட்டு வெடிக்கும். திரும்ப ஆள் வரும், "மல்லி எங்கே?" என்று.

இவரோ கோபிக்கவே மாட்டார். திரும்பவும் படுத்து, திரும்பவும் விரலை வைத்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லுவார். குழாய் ஒழுகுகிறது என்று நான் ரெண்டாம் தரம் சொன்னால் "ஒருக்காச் சொன்னா காணாதோ?" என்று பாய்கிற மனுசன்! எனக்கு முதல் நாளே விளங்கிய விசயம் அவளுக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை? விளங்காத மாதிரி நடிக்கிறாள் என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

ஒரு முறை இடது பக்கத்தில் ஒரு சில்லு துண்டு துண்டாகப் போய்விட்டது. இவர் நாலையும் மாற்றப்போவதாகச் சொன்னார்.

"உடைஞ்சது ஒண்டுதானே. ஏன் நாலு?"

"ஒரு பக்கம் புதுசு, மற்றப் பக்கம் தேஞ்சது எண்டால் தட்டுச் சரியுமப்பா. புல்லு படி படியா வெட்டுப்படும்."

"எங்கட கட்டிலும் ஒரு பக்கம் சரிஞ்சுதான் கிடக்கு. அது உங்கட கண்ணில படேல்லையாக்கும்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மெஷினுக்குக் கொழும்புக் கடைகளில் சில்லு வாங்க முடியாது. ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்கிற பக்கம், பழைய தள்ளுவண்டிகளை உடைத்து விற்பார்கள். சனிக்கிழமை கராஜில் அரை நாள் லீவு எடுத்து (எனக்காக ஒரு நாளும் எடுத்ததில்லை) அங்கே போய், அதே அளவில் நாலு கறுத்தச் சில்லுகளைத் தேடி எடுத்து, தடித்த ஆணிகளையும் கோத்து, பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியிருக்கிறார். வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பைக்குள்ளே வட்டமாக, கறுப்பாக, நடுவில் ஆணியோடு நாலு சாமான். வேறென்ன வேண்டும்? குண்டு என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கராஜில் அவரோடு வேலை செய்கிறவர் ஓடி வந்து சொன்னார். கல்யாணப் பதிவு, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். எந்த ஸ்டேசன் என்பது இப்போது எதற்கு? மேசையில் நாலு சில்லும் வரிசையாக இருந்தன. பின்னேரம் ஒரு வாகனம் வரும், விளக்கம் சரியில்லாதவர்களை அதில் பெரிய இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்று வாசலில் நின்ற ஒரு தாய் சொன்னாள். அவளுடைய மகனை அப்படி ஏற்றி மாதக்கணக்காகியும் திரும்பி வரவில்லையாம்.

தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் கேட்டார். "இது என்ன?"

"புல்லு வெட்டுற மெஷின்ர சில்லு ஐயா."

"நிலத்தில ஓடுறதா?"

"இல்லை ஐயா, நிலத்தில படாது. ஒரு விரல் மேல நிக்கும்."

அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "உங்க மனுசனும் இதேதான் சொன்னது. நிலத்தில படாத சில்லு! ரெண்டு பேரும் பாடம் பண்ணியா வந்தது?" என்றார் தமிழ் தெரிந்தவர்.

உண்மையைச் சொன்னேன் பாருங்கள், அதுவே வினையாகிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனுசனிடம் ஓடினேன். "அவட பேரைச் சொல்லுங்கோ அப்பா. அவட வீட்டு மெஷின் எண்டு சொல்லுங்கோ."

"வேண்டாம். அந்த மனுசியை ஏன் பொலிசுக்குள்ள இழுப்பான்? அவவுக்கும் கரைச்சல் வரும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பியைப் பிடுங்கி அடித்திருப்பேன். அவளுக்குக் கரைச்சல் வரக்கூடாது, நான் தாலியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கலாமாக்கும்! வெளியே வந்து களனிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கடவுளே, கடவுளே என்றும், சனியன், சனியன் என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு சில்லுக் குறைந்த மெஷினையே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தட்டு இறங்கி, புல்வெளி முழுக்க மொட்டை மொட்டையாக மண் தெரிந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது சந்தோசமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது மரக்கறிக் கடைச் சிங்களம். "மஹத்தயா... பொலிஸ்... ரோத" (மனுசன், பொலிஸ், சில்லு) என்று சொல்லி, கையால் வட்டம் காட்டினேன். அவள் மெஷினை நிறுத்தினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புல்லு ஒட்டிய செருப்போடேயே போய்க் காரை எடுத்தாள்.

ஸ்டேசனில் அவளைக் கண்டதும் மேசைப் பெரியவர் எழும்பினார். உட்காரக் கதிரை வந்தது. நான் வந்தபோது இல்லாத கதிரை. அவள் உட்கார்ந்து, இந்த ஆள் தன் வீட்டு வேலை செய்கிறவர், தான் பொறுப்பு என்றாள். பெரியவர் ஒரு சில்லைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதில் எனக்கே விளங்கியது. நிலத்தில் ஓடுகிற சில்லு, வேறென்ன?

முழுப் பிழை! பெரியவர் தலையாட்டினார். சில்லுகளைத் திரும்பப் பேப்பரில் சுற்றி அவளிடம் கொடுத்தார்கள். அவரை வெளியே விட்டார்கள். அவளுடைய பிழையான கதைக்கு என் மனுசன் கிடைத்தார். என்னுடைய சரியான கதைக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய வளவிலோ காரிலோ எனக்கு அப்படிப் பொறாமை வந்ததில்லை. அந்த வாய் எனக்கு வேண்டும் போலிருந்தது.

காரில் அவரை முன்னால் ஏறச் சொன்னாள். நான் பின்னால், சில்லுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் அவளைக் கும்பிட்டார். கொஞ்சத் தூரம் போனபிறகுதான் திரும்பி என்னைப் பார்த்து, "நீர் சாப்பிட்டனீரோ?" என்றார்.

அடுத்த நாள் போய் நாலையும் பூட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு அவர் எழும்பாமல் படுத்திருந்தார்.

"இண்டைக்குக் களனிக்குப் போகேல்லை. அங்க ஒண்டும் உடையேல்லை."

இதைக் கேட்க எத்தனை ஞாயிறு ஏங்கியிருப்பேன்!

"எழும்புங்கோ," என்றேன். "சும்மா எண்டாலும் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ."

"என்னத்துக்கு?"

"அவ உங்களை மறக்கக் கூடாது. திரும்பவும் சோதனைச் சாவடி வரும்."

அவர் எழும்பிப் போனார். நான் கூடப் போகவில்லை. என்னைக் கண்டு அவள் அவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டால் என்ன செய்வது?