இடப்பக்கம் திரும்பாத கழுத்து

வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் வைத்தியம் என்று நம்புகிற ஊரில், மெல்லத் தொட்டு வலியை இறக்குவது என் பிழைப்பு. கழுத்தைப் பிடித்துக்கொண்டே இதைப் படிக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய பூக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை.

இரண்டு ரயில்

ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் மனைவியோடு வந்தார். மூன்று மாதமாகக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. எலும்பில் கோளாறில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணாடியைப் பார்க்க முடியாதவருக்கு லோரி தர முடியாது, மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று முதலாளியும் சொல்லிவிட்டாராம்.

படுக்கவைத்து, தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டேன். அவ்வளவுதான் எங்கள் முறை. தசை தானாக இளகக் காத்திருக்க வேண்டும். வெளியே ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. அண்ணன் மரியாதையாகக் கேட்டார்: "எப்பக்கா ஆரம்பிப்பீங்க?"

தலைமாட்டில்

கையை வைத்தால் என் வாய் தானாக ஜெபமாலை சொல்லும். இரண்டாம் தடவை அவர் வந்தபோது, நடுவில் கண் திறந்தால், அண்ணன் தலைகீழாக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார், முகம் வெளுத்து. அவர் அப்பாவின் கடைசி நாளில்தான் இப்படித் தலைமாட்டில் உட்கார்ந்து முணுமுணுத்தார்களாம். "உண்மையச் சொல்லிடுங்கக்கா, எனக்கு அவ்ளோ மோசமாவா இருக்கு?"

மத்தியான மழை

அதற்கப்புறம் மனசுக்குள்ளேயே ஜெபித்தேன். மூன்றாம் தடவை வந்த அன்று மழை பிடித்து அறை இருண்டது. கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறி வந்தது. என் கை எங்கே முடிகிறது, அவர் தலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அண்ணன் தூங்கிப்போனார்.

இடப்பக்கம் நாற்காலியில் இருந்த மனைவி, துணி நனையுமே என்று தனக்குத்தானே சொன்னார். அந்தக் குரல் வந்த பக்கம், என் கைக்குள் அந்தத் தலை மெல்ல, மெல்லத் திரும்பியது. நான் தள்ளவேயில்லை. எழுப்பிக் காட்டலாமா என்று சைகையில் கேட்டேன். "வேணாங்கக்கா. மூனு மாசமா செவுத்தப் பாத்துதான் படுக்கறாரு. தூங்கற மொகத்த இப்பத்தான் பாக்கறேன்."

மாதக் கடைசி

விழித்ததும் பாதிதான் திரும்பியது. இன்னும் நாலு தடவை வந்தார். மாதக் கடைசியில் கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் லோரி நிற்கிறது. வலப்பக்க சீட்டிலிருந்து முழுசாக இடப்பக்கம் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார் அண்ணன். "கண்ணாடி நல்லா தெரியுதுக்கா. நீங்க என்ன செஞ்சீங்கன்னுதான் இன்னும் தெரியல லா."

இத்தனை வருடத்தில் நான் கற்ற தொழில் இவ்வளவுதான்: கையை எடுக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.